பெண்கள் போதகராகலாமா?

இந்தக் கேள்வி எழுந்தாலே, பெண் உபதேசம் பண்ண அனுமதிக்காத 1 தீமோத்தேயு 2:12-ஐ எடுத்துக் காட்டுவார்கள். அதை எழுதிய பவுலே ரோமர் 16-இல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்று பரிந்துரைப்பதைப் பலர் சொல்வதில்லை.

நடந்ததைப் பார்ப்போம். இங்கே ஜப்பானியர் ஆட்சி நடந்த அதே காலம். ஹாங்காங்கும் அவர்கள் வசமிருந்ததால், மக்காவ் ஆங்கிலிக்கன் சபைக்குக் குருமார் போக முடியவில்லை. திருவிருந்து வழங்க ஆளில்லை. அங்கு ஊழியம் செய்த லீ டிம் ஓய் என்ற பெண்ணுக்கு ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25-இல் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் சபைகளில் முதல் பெண் குரு அவரே.

போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 1946-இல் அவர் பணி உரிமத்தை ஒப்படைத்தார், பட்டத்தைத் துறக்கவில்லை. ஆளில்லாதபோது செல்லுபடியான அழைப்பு, ஆண்கள் திரும்பியதும் செல்லாததாகிவிடுமா? ஹாங்காங் சபை 1971-இல் மேலும் இரு பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தது.