மண்ணுக்குள் ஒரு தரகர்

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலை நம் கடைகளுக்கு வரும் சரக்கு. 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் அங்கே தண்ணீர் கொண்டுவந்தது. மண்ணின் குணத்தை மாற்றவில்லை. சூப்பர் பாஸ்பேட் போட்டாலும், அதிலுள்ள மணிச்சத்தின் பெரும்பகுதியைச் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இங்கேதான் 'வேம்' எனப்படும் வேர் உட்பூசணம் உதவுகிறது. வேருக்குள் குடியிருந்து, மெல்லிய இழைகளை மண்ணில் பரப்பி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் பயிருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தரகுக் கூலியாகப் பயிரிடம் சர்க்கரை பெறுகிறது.

தரகர் சரக்கை உற்பத்தி செய்வதில்லை. வேமும் மண்ணில் இருப்பதைத்தான் கொண்டுவரும். ஆகவே உரத்துக்கு முழு மாற்று என்று சொல்லி விற்கக் கூடாது. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் காற்றோட்டம் இல்லாததால் அதன் வேலை குறைவு; கடலை, உளுந்து, தென்னைக்கே ஏற்றது.

உரக் கடையும் வைத்திருக்கும் நம் அன்பர்கள் கவனிக்க வேண்டியது: பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள சரக்கு. வெயிலிலோ, பூசணக்கொல்லி மருந்துகளோடோ வைத்தால் செத்துவிடும். காலாவதித் தேதி பார்த்து வாங்கி, விதைக்கு அடியில் இடச் சொல்லி விற்க வேண்டும். செத்த சரக்குக்குக் காசு கொடுத்த விவசாயி மறுபடி நம் கடைப் படி ஏறமாட்டார்.