செம்மறியாட்டின் மூக்குப்புழுவும் நோயெதிர்ப்பு வினையும்

ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்னும் ஈ முட்டையிடுவதில்லை. பறந்தவாறே செம்மறியாட்டின் மூக்குத்துளைகளில் உயிருள்ள இளம்புழுக்களை இடுகிறது. ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள இவை மூக்கின் சளிப்படலத்தில் தங்கி, பின்னர் நெற்றியெலும்புக் குழிகளை அடைந்து, மூன்றாம் பருவத்தில் 20 முதல் 30 மி.மீ. வரை வளர்கின்றன. முதிர்ந்த ஈக்கு உணவுண்ணும் வாயுறுப்புகள் இல்லை. ஆதலின், அதன் வாழ்நாளுக்கு வேண்டிய உணவு முழுவதையும் புழுப்பருவத்திலேயே ஓம்புயிரியிடமிருந்து பெற்றாக வேண்டும். இவ்வொட்டுண்ணிக்கு எதிராக ஆட்டின் உடலில் நிகழும் வினையின் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புழுக்கள் சுரக்கும் செரின் புரோட்டியேஸ் நொதிகள் சளிப்படலத்துப் புரதங்களைச் செரித்து உணவாக்குகின்றன. இச்சுரப்புகளே எதிர்ப்பொருளூக்கிகளாகவும் அமைகின்றன. அவற்றின் தூண்டலால் சளிப்படலத்தில் மாஸ்ட் செல்களும் இயோசினோஃபில்களும் திரள்கின்றன; குருதியில் இம்யூனோகுளோபுலின் ஜி மிகுகிறது. இவ்வினை புழுக்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்தினும் அவற்றை முற்றிலும் அழிப்பதில்லை. அன்றியும், தும்மல், சளியொழுக்கு, மூச்சுத்தடை ஆகியவற்றுக்குப் புழுக்களின் முட்களும் கொக்கிகளும் மட்டுமே காரணமல்ல. ஓம்புயிரியின் மிகையுணர்வு வினைக்கும் அதில் பங்குண்டு. எனவே புழுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் நோயின் கடுமையை அளவிட இயலாது.

இவ்வேறுபாடு நோயறிதலிலும் கருதத்தக்கது. புழுக்கள் நீங்கிய பின்னரும் எதிர்ப்பொருள்கள் குருதியில் சிலகாலம் எஞ்சியிருக்கும். ஆகவே எலைசா ஆய்வில் கிட்டும் நேர்முடிவு, ஆடு தொற்றுக்கு ஆட்பட்டதற்குச் சான்றாகும். புழுக்கள் இன்றும் உள்ளன என்பதற்கோ, ஆடு பாதுகாப்புப் பெற்றுவிட்டது என்பதற்கோ அது சான்றாகாது.