எஃகுக் குண்டு நடந்த 450 மீட்டர்

டீசலுக்கு வைக்கும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டு. சைக்கிளின் பின்சக்கர அச்சில் இருக்கும் பால்ரஸ் குண்டு கிட்டத்தட்ட இந்த அளவுதான். அதை ஓர் எஃகுத் தட்டின்மேல் வைத்து 200 கிராம் எடையால் அழுத்துவார்கள். தட்டு மூழ்கும்படி 2 மில்லிலிட்டர் டீசலை ஊற்றி, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். பிறகு ஓர் இயந்திரம் அந்தக் குண்டை 1 மில்லிமீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னுமாகத் தேய்க்கும். வினாடிக்கு 50 முறை, 75 நிமிடம், நிற்காமல்.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 நிமிடம் என்றால் 4,500 வினாடி. வினாடிக்கு 50 என்றால் மொத்தம் 2,25,000 முறை. ஒவ்வொரு முறையும் போக 1, வர 1 என்று 2 மில்லிமீட்டர். ஆக அந்தக் குண்டு அசைந்த தூரம் 450 மீட்டர்! இருந்த இடத்தை விட்டு நகராமலே ஒரு தெருவின் நீளத்துக்கு நடந்துவிட்டது.

இப்போது குண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தேய்ந்த இடத்தில் வட்டமாக ஒரு வடு இருக்கும். அதன் அகலம் 460 மைக்ரானுக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் போகக் கூடாது. போனால் அந்த டீசல் தேறவில்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் டீசலுக்கு இந்த வரம்புதான்.

டீசல் எரிவதற்காக ஊற்றுகிற எண்ணெய். அது எவ்வளவு நன்றாக எரிகிறது என்று பார்த்தால் போதாதா? எஃகைத் தேய விடாமல் காக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் என்ஜினுக்குள் இருக்கிறது.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தன் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் என்ஜினில் பொறி தட்டுவதற்கு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். என்ஜினுக்குள் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. சரியாக அந்த நொடியில் டீசலைப் பனித்தூவலாகப் பீய்ச்சினால், தானே பற்றிக்கொள்ளும்.

பீய்ச்சுகிற வேலைதான் கடினம். நெருக்கப்பட்ட காற்றை எதிர்த்துக்கொண்டு டீசல் உள்ளே போக வேண்டும். இன்றைய என்ஜின்களில் டீசல் பம்ப் தரும் அழுத்தம் 2,000 பாரைத் தொடுகிறது; நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மை அழுத்துவதைப்போல 2,000 மடங்கு. அவ்வளவு அழுத்தத்திலும் ஒழுகாமல் இருக்க, பம்பிலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும் அசைகிற பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விடுகிறார்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பம்புகளில் அந்த இடுக்குகளுக்குள் என்ஜின் ஆயில் போவதில்லை. அங்கே இருப்பது டீசல் மட்டுமே. எரியப் போகிற டீசல், போகிற வழியில் மசகு எண்ணெயாகவும் வேலை பார்த்துவிட்டுத்தான் போகிறது. மசகு இல்லாவிட்டால் எஃகும் எஃகும் உரசும், கீறல் விழும், இடைவெளி பெரிதாகும், அழுத்தம் போய்விடும்.

நிலத்தடியில் இருந்து வரும் கச்சா எண்ணெயில் இந்த மசகுத்தன்மை இயல்பாகவே கொஞ்சம் உண்டு. கூடவே கந்தகமும் உண்டு. 1990-களின் நடுவில் இந்தியாவில் விற்ற டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. ஒரு கிலோ டீசலில் 10 கிராம்! அது எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வாயு வரும். மூச்சுக் குழாயை அது எரிக்கும். புகையைச் சுத்தப்படுத்த வாகனங்களில் வைக்கும் வினையூக்கிகளையும் கந்தகம் கெடுத்துவிடும். ஆகவே கந்தகத்தை எடுத்தே ஆக வேண்டும். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். பேருந்துக்குப் பின்னால் சைக்கிளில் போகிற பிள்ளைகளின் நுரையீரலைவிட எந்த பம்பும் பெரிதில்லை.

சுத்திகரிப்பு ஆலையில் டீசலைச் சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவோடு மிகுந்த அழுத்தத்தில் வினையூக்கியின்மேல் ஓட விடுகிறார்கள். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. நம் நாட்டில் அளவு படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ்-6) தர டீசல் வந்தது. இதில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் கந்தகம்தான் இருக்கலாம். முன்பு இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதே வேலையை மிக முன்னதாகச் செய்த நாடு ஸ்வீடன். 1991-இல், கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்கு வரிச் சலுகை தந்து அதைப் பரப்பினார்கள். புகை குறைந்தது. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சில வகை டீசல் பம்புகள் சீக்கிரமே தேய்ந்து கெட்டுப்போயின. என்ஜின் ஆயிலால் மசகு பெறும் பெரிய வகை பம்புகள் தப்பித்தன. டீசலை மட்டுமே நம்பியிருந்த சிறிய சுழல் பம்புகள்தான் மாட்டிக்கொண்டன. குற்றவாளி மசகு இழந்த புது டீசல்தான் என்பதை இந்த வேறுபாடே காட்டிக்கொடுத்தது.

கந்தகம்தான் மசகாக இருந்ததோ என்று தோன்றும். இல்லை. டீசலில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்த சில சேர்மங்கள் மிக மிகச் சிறிய அளவில் இருந்தன. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் காத்தவை அவைதான். கந்தகத்தை எடுக்கப் போன ஹைட்ரஜன், அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டது.

இழந்ததைத் திருப்பித் தருவது எப்படி? இங்கேதான் சேர்க்கைப் பொருள்கள் வருகின்றன. பட்டறைகளில் இவற்றை அடிட்டிவ் என்பார்கள். மசகுக்காகச் சேர்ப்பதில் முக்கியமானவை கொழுப்பு அமிலங்கள். பைன் மரத்திலிருந்து காகிதக் கூழ் செய்யும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் எண்ணெயிலிருந்து இவற்றைப் பிரிக்கிறார்கள். அதில் நிறைய இருப்பவை ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும். உங்கள் வீட்டு நல்லெண்ணெயிலும் இந்த இரண்டும்தான் அதிகம். அங்கே அவை கிளிசரினோடு பிணைந்து இருக்கும்.

கொழுப்பு அமில மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலையில் ஆக்சிஜன் இருப்பதால் அது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். வால் டீசலின் குணம் உடையது. டீசலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நடவு முடிந்த வயலில் நாற்றின் வேர் சேற்றில் ஊன்றியிருக்க, தாள்கள் நெருக்கமாக மேலே நிற்குமே, அப்படி எஃகின் மேற்பரப்பு முழுவதும் மூலக்கூறுகள் நடப்பட்டுவிடும். எதிரே வரும் எஃகிலும் இதே நடவு. இரண்டு வால் வரிசைகளும் உரசி வழுக்கிப் போகும். உலோகம் உலோகத்தைத் தொடாது.

வீட்டிலேயே இதைக் கொஞ்சம் உணர்ந்து பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் கரண்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, முதுகோடு முதுகாக உரசுங்கள். கறகறவென்று இருக்கும். ஒன்றில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு எண்ணெய் தெரியாது. இப்போது உரசினால் முன்பைவிட வழுக்கும். துணிக்கு அகப்படாமல் தங்கிவிட்ட மெல்லிய படலத்தின் வேலை அது.

படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் கொஞ்சம் மருந்தே போதும். ஒரு கிலோ டீசலுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை சேர்த்தாலே குண்டின் வடு சிறிதாகிவிடும். பத்தாயிரம் கிலோ டீசலுக்கு ஒன்றிரண்டு கிலோதான். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலை ஓரிரு சதவீதம் கலந்தாலும் இதே பலன்.

அப்படியென்றால் சமையல் எண்ணெயையே ஊற்றலாமே என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மைதான். இன்றைய இன்ஜெக்டரின் துளைகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அகலமே உள்ளவை. கெட்டியான எண்ணெய் அவற்றில் சரியாகத் தூவாது. அரைகுறையாக எரிந்து கரியாகப் படியும். தயவுசெய்து யார் வண்டியிலும் முயற்சி செய்யாதீர்கள்.

மசகு தவிர வேறு சேர்க்கைப் பொருள்களும் உண்டு. இன்ஜெக்டர் நுனியில் கரி படியாமல் தடுக்கச் சில. டீசல் தாமதிக்காமல் பற்றிக்கொள்ளச் சில. குளிருக்கென்று இருப்பதைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. லடாக்கின் குளிரில் அது படிகமாகி ஃபில்டரை அடைத்துவிடும், வண்டி நின்றுவிடும். அங்கே மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவது வழக்கமாக இருந்தது. மண்ணெண்ணெய்க்கு மசகு குறைவு, பம்புக்குக் கேடு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது. குளிருக்கான சேர்க்கைப் பொருள்கள் வேலை செய்யும் விதம் அழகானது. மெழுகு படிகமாவதை அவை தடுப்பதில்லை. படிகங்கள் பெரிதாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள விடாமல், ஃபில்டரைத் தாண்டிப் போகும் அளவுக்குச் சிறிதாகவே வைத்திருக்கின்றன.

வண்டி உதிரிபாகக் கடைகளில் டீசலில் ஊற்றும் சிறிய பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். வாங்க வேண்டுமா? பங்கில் விற்கும் டீசல் அந்த எஃகுக் குண்டுச் சோதனையின் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். தேவையான மசகு அதிலேயே இருக்கிறது. மேலும் ஊற்றுவதால் பெரிதாக ஒரு பலனும் கூடிவிடாது. என்ஜின் செய்த நிறுவனத்தின் கையேடு சொன்னால் மட்டும் ஊற்றலாம். புதிய லாரி, பேருந்துகளில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல். அது புகையைச் சுத்தப்படுத்த, புகைக்குழாய்க்குள் போவது. மறந்து டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் பாழ்.

எந்த பாட்டிலைவிடவும் கவனிக்க வேண்டியது தண்ணீர். டேங்கின் வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டாகி, டீசலைவிடக் கனமாதலால் அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை குடியேறும். தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைச் சாப்பிடும் பூஞ்சை! அது வளர்ந்து வழவழப்பான படலமாகி ஃபில்டரை அடைக்கும். நெடுநாள் ஓடாமல் கிடக்கும் ஜெனரேட்டர்களிலும் படகுகளிலும் இது வரும். இதைக் கொல்லவும் மருந்து உண்டு. ஆனால் தண்ணீர் இருக்கும்வரை அது மறுபடி வரும். அதனால்தான், டீசலோடு வந்து சேரும் தண்ணீரை வெளியேற்ற ஃபில்டருக்கு அடியில் ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறார்கள். அதைத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர். டீசல் வரத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். உங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக்கிடம் கேளுங்கள், காட்டுவார்.