கரையில் நின்று காக்கும் கலை

கெடிலமும் தென்பெண்ணையும் கடலூரையொட்டிக் கடலில் கலக்க, சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓட, இடையில் வீராணம் முதலான ஏரிகளும் வாய்க்கால்களும் தடுப்பணைகளும் நிறைந்திருக்கும் கடலூர் மாவட்டத்தில், ஒவ்வொரு துறையிலும் ஓர் உயிர்காப்பாளரை நிறுத்துவது இயலாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிட்ட உலக சுகாதார நிறுவனம், அருகிலிருக்கும் பொதுமக்களுக்கு மீட்பிலும் முதலுதவியிலும் பயிற்சியளிப்பதைத் தடுப்பு வழிகளுள் ஒன்றாக வலியுறுத்துவது இக்காரணத்தால்தான்.

மூழ்குபவர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் நொடிகள் மூச்சிழுக்கவே போதாமையால் குரல் எழும்புவதில்லை. கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரை அழுத்திக்கொண்டிருப்பதால் உதவிகேட்டு அசைக்கவும் முடிவதில்லை. உடல் செங்குத்தாக நிற்க, தலை பின்சாய்ந்து, கால் உதைப்பின்றி ஒருவர் ஓரிடத்திலேயே தத்தளித்தால், ஒரு நிமிடத்துக்குள் அவர் அமிழக்கூடும் என்பதை அறிந்து கூட்டத்திடையே அவரை இனங்காணும் கண்தான் உயிர்காப்பாளரின் முதல் திறமை. மாசி மகத்தன்று தீர்த்தவாரி காணத் தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் திரளும் மக்களைக் காப்பதற்கு இக்கண் இன்றியமையாதது.

கடலில் அவர் அடுத்துத் தேடுவது இழுப்பு நீரோட்டத்தை. அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கிடையிலுள்ள ஆழமான வழியாகக் கடலுக்குத் திரும்பும் ஓட்டமே இது. அவ்விடத்தில் அலை அதிகம் உடையாததால் பார்வைக்கு அமைதியாகத் தோன்ற, புதியவர்கள் குளிப்பதற்கு அதையே தேர்ந்தெடுக்கின்றனர். அது மனிதரைக் கடலுக்குள் கொண்டுசெல்லுமேயன்றி அடியில் அமிழ்த்துவதில்லை. கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதே உயிரைப் பறிக்கிறது. கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தி, ஓட்டத்தினின்று விலகியபின் அலைகளோடு திரும்புவதே தப்பும் வழி. ஆஸ்திரேலியாவில் கடற்கரைக் காவலுக்கான அடிப்படைத் தகுதிபெற 400 மீட்டரை 9 நிமிடங்களுக்குள் நீந்திக் காட்டவேண்டும் என்பதிலிருந்து, நீரில் இறங்கி மீட்பதற்கு எத்துணை வலிமை தேவை என்பது விளங்கும்.

ஆற்றின் ஆபத்து வேறு வகையானது. தடுப்பணைக்குக் கீழே விழும் நீர் தரையை அரிப்பதாலும் மணல் அள்ளுவதாலும் உண்டாகும் மடுக்கள், முழங்கால் அளவு நீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழத்தை மறைத்துக்கொண்டிருக்கும். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் தடுப்பணைப் பகுதியில் குளிக்க இறங்கிய பெண்களும் சிறுமியருமாக ஏழு பேர் இறந்தனர். சிக்கியவர்களைக் காக்க முயன்றவர்களும் அவர்களுள் அடங்குவர் எனச் செய்திகள் கூறின. பாசத்தால் இறங்குபவரை, மூச்சுக்குத் திணறுபவர் தம்மையறியாமல் பற்றி ஏறுவதால் இருவரும் அமிழ்கின்றனர். எனவேதான் பயிற்சியில் ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது: தரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கழியையோ புடவையையோ நீட்டுவது, எட்டாவிட்டால் கயிறு, லாரி டியூப், மூடிய காலிக் குடம் போன்ற மிதப்பவற்றை எறிவது, அதுவும் இயலாவிடில் படகில் செல்வது, பயிற்சி பெற்றவர் மட்டும், அதுவும் மிதவையுடன், இறுதியாக இறங்குவது.

கடலூர் மாவட்டத்துக்கு இத்தகைய பயிற்சி புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்கு முன்பே, பேரிடர் இடர்க்குறைப்புத் திட்டத்தின்கீழ் மீட்பும் முதலுதவியும் கற்றிருந்த சாமியார்பேட்டை மீனவக் கிராமத்தவர், பேரலை தாக்கியபோது தம் அண்டை அயலாரைத் தாமே மீட்டனர். சிறு குழந்தைகளுக்கோ மீட்பைவிடக் காவலே பெரிது. வங்கதேசக் கிராமங்களில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் ‘ஆஞ்சல்’ காப்பகங்கள் குளத்துச் சாவுகளைப் பெரிதும் குறைத்துள்ளன.

கரைசேர்க்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்னும் வழக்கமாக இருப்பது வருந்தத்தக்கது. அதனால் வயிற்றிலுள்ளவை மூச்சுக்குழலில் புகுவதோடு, விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகின்றன. மூழ்கியவரின் இதயம் நிற்பது உயிர்வளிக் குறைவினால் ஆகையால், மூச்சு இல்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, அதன்பின் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதை, ‘108’ ஊர்தி வரும்வரை இடைவிடாமல் தொடரவேண்டும்.