மின்னஞ்சல் வழங்கி மாறும்போது கணக்கை அழிக்காதீர்கள்

"அண்ணா, ஒரு மெயிலும் வரேல்லை. எக்கவுண்டை அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடட்டோ?"

வன்னியில் இயங்கும் சிறிய அமைப்பொன்றின் மின்னஞ்சலைப் புதிய வழங்கிக்கு மாற்றிய மறுநாள் காலை எனக்கு வந்த முதல் அழைப்பு இது. "வேண்டாம், கை வைக்காதேங்கோ" என்றேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் அனுப்பிய முறைப்பாட்டுப் பிரதிகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. இடம்பெயர்வுகளில் கடதாசிகளைத் தொலைத்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அவைதான் எஞ்சியிருக்கும் பிரதிகள்.

அந்தக் கணக்கு பொப் முறையில் இயங்கியது. பொப் முறையில் கடிதங்கள் கணினிக்கு இறக்கப்பட்டபின் பெரும்பாலும் வழங்கியிலிருந்து நீங்கிவிடும். கணக்கை அழித்தால் கடிதங்களும் அதோடு போகக்கூடும். ஐமேப் முறையில் மூலப்பிரதி வழங்கியில் இருக்கும். ஆனால் பழைய கடிதங்களைப் புதிய வழங்கிக்கு மாற்றுமுன் கணினியை அதனுடன் இணைத்தால், வெறுமையான பெட்டியே திரையில் தெரியும். எனவே எந்த முறையானாலும் முதல் வேலை, கடிதங்களை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுப்பது.

அடுத்து, உலாவி வழியாக மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அதே கடவுச்சொல்லுடன் அங்கு திறந்தால் கணக்கு நலமாக இருக்கிறது. பிழை உங்கள் கணினியின் அமைப்பில் இருக்கிறது. அன்று நான் கண்ட பிழைகள் நான்கு.

முதலாவது என் தவறு. வழங்கியின் முகவரியைச் சொல்லும் டீ.என்.எஸ். பதிவை மற்றக் கணினிகள் குறித்த நேரம்வரை நினைவில் வைத்திருக்கும். எங்கள் பதிவில் அது 86,400 செக்கன், அதாவது ஒரு நாள். மாற்றத்துக்கு முந்தைய நாளே அதை 300 செக்கனாகக் குறைத்திருக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். அதனால் சிலர் இன்னும் பழைய வழங்கியையே தட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதை உடனே நிறுத்தாததால் அங்கு வந்த கடிதங்களைப் பின்னர் எடுத்துச் சேர்க்க முடிந்தது.

இரண்டாவது, போர்ட் இலக்கம். பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பொப்புக்கு 995, அனுப்புவதற்கு 587 அல்லது 465. பழைய அமைப்பில் அனுப்புவதற்கு 25 என்று இருந்தது. இணைய சேவை வழங்குநர்கள் பலர் அதைத் தடுத்து வைத்திருப்பதால் கடிதம் வரும், ஆனால் போகாது. பயனர் பெயரில் முழு மின்னஞ்சல் முகவரியையும் இடவேண்டியிருந்ததும் சிலரைத் தடுத்தது.

மூன்றாவது, சான்றிதழ் எச்சரிக்கை. கணினியில் பழைய வழங்கியின் பெயர் இருக்க, சான்றிதழில் புதிய பெயர் இருந்தது. "பரவாயில்லை, தொடர்" என்று அழுத்துவது எளிது. ஆனால் இடையில் ஒருவர் புகுந்து ஒட்டுக்கேட்டாலும் வருவது இதே எச்சரிக்கைதான். சாட்சியங்கள் போய்வரும் கணக்கில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. வழங்கியின் பெயரைச் சரியாக இட்டதும் எச்சரிக்கை நின்றது. கணினியின் திகதி பிழையாக இருந்தாலும் இது வரும்.

நான்காவதைக் கண்டுபிடிக்கத்தான் மதியமாகிவிட்டது. அலுவலக வைபையில் எவருக்கும் இணைப்பு இல்லை. கைபேசித் தரவில் உடனே இணைந்தது. மேசை லாச்சியில் கிடந்த பழைய கைபேசியொன்று பழைய கடவுச்சொல்லுடன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முயன்றுகொண்டிருந்தது. அதைத் தாக்குதல் என எண்ணிய வழங்கி, அலுவலகத்தின் பொது ஐ.பி. முகவரியையே தடுத்துவிட்டது. அந்தக் கைபேசியைத் திருத்தி, தடையை நீக்கியதும் எல்லோருக்கும் கடிதங்கள் வரத் தொடங்கின.

வழங்கி சற்று நேரம் கிடைக்காவிட்டாலும் பதற வேண்டியதில்லை. அனுப்பும் வழங்கிகள் பொதுவாகச் சில நாட்களுக்கு மீண்டும் மீண்டும் முயலும். காத்திருந்தால் கடிதம் வந்து சேரும். அவசரத்தில் அழித்த ஒரு தாயின் முறைப்பாட்டுப் பிரதியை மீட்டுத்தர எந்த வழங்கியாலும் முடியாது.