மூத்தம்மாவின் அறையில் குளிர் இருக்கிறதா?

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வெலிமடையிலும் வாழும் சகோதரிகளே! ஜனவரி, பெப்ரவரி மாதக் குளிரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில், சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்படியில் ஓடியாடி வேலை செய்யும் உங்களுக்கு அந்தக் குளிர் அவ்வளவாக உறைக்காது. பின்னறையில் இருக்கும் மூத்தம்மாவுக்கு?

கேட்டால், "எனக்குக் குளிர் இல்லை மகள்" என்பார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வயதாகும்போது தோலுக்கடியிலுள்ள கொழுப்பு குறைகிறது, தசைகள் மெலிகின்றன, உடல் உண்டாக்கும் சூடும் குறைகிறது. குளிரை உணரும் சக்தியும் மங்கிவிடுகிறது. சிலருக்கு நடுக்கம்கூட வருவதில்லை.

உடலின் உட்சூடு 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பேச்சுக் குழறுதல், காரணமில்லாத தூக்கக் கலக்கம், தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். "வயது போய்விட்டது, அதுதான்" என்று நாம் இருந்துவிடுகிறோம். உடுப்புக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் குளிர்ந்திருந்தால் கம்பளியால் போர்த்தி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செலவு எவ்வளவு?

குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகைக்குக் குறையாத வெப்பம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. முதியவர்களுக்கு அதற்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படலாம். அதற்காக முழு வீட்டையும் சூடாக்கப் புறப்பட்டால் கட்டுப்படியாகாது. 2,000 வோட் ஹீட்டர் ஒன்று இரவில் நான்கு மணித்தியாலம் விடாமல் எரிந்தால் 8 அலகு. மாதத்துக்கு 240 அலகு! ஆகவே ஓர் அறையையும் அதிலிருக்கும் ஆளையும் சூடாக வைத்திருப்பதே சிக்கனம்.

வீட்டில் பகல் வெயில் அதிகமாகப் படும் அறையையே அவருக்குக் கொடுங்கள். வெயில் இருக்கும்வரை திரையை விலக்கி வைத்து, பின்னேரம் வெயில் இறங்கியதும் யன்னலை மூடித் தடித்த திரையைப் போடுங்கள். கதவின் அடி இடைவெளியைப் பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். சீமெந்துத் தரையில் பாயோ கம்பளமோ விரியுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

தடித்த ஓர் உடுப்பைவிட, மெல்லிய மூன்று உடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நன்றாகச் சூடு காக்கும். தலைக்குத் தொப்பியும் காலுக்கு மேசும் மறக்க வேண்டாம்.

வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள். துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்து, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். நீரிழிவினால் கால் மரத்தவர்களுக்குச் சூடுபட்டாலும் தெரியாது.

சுபஹுக்கு எழும் மூத்தவர்கள் பனி போன்ற தண்ணீரில் வுழூச் செய்ய விடாதீர்கள். முதல் இரவே பிளாஸ்கில் வெந்நீர் வைத்தால், விடியற்காலையில் கலந்து இளஞ்சூடாக்கிக் கொடுக்கலாம். ஈரத்தைத் துடைத்து உடனே மேசைப் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு கோப்பை இஞ்சித் தேநீர்.

கரிச்சட்டி வேண்டாம்

பூட்டிய அறைக்குள் கரிச்சட்டியைக் கொண்டுபோய் வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். எரியும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட்டு என்ற நஞ்சு வாயு வருகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். தணல் சாம்பல் பூத்த பின்பும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும்.

சகோதரியே, இவற்றில் அதிகமானவற்றுக்குக் காசே தேவையில்லை. கொஞ்சம் கவனம் போதும். இன்றிரவு நீங்கள் படுக்கப் போகுமுன் மூத்தம்மாவின் அறைக்குள் போய், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கே குளிர்ந்தால், அவருக்கு எப்படி இருக்கும்?