திருத்தங்களுக்கும் ஒரு கணக்கேடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பதிப்புப் பணியில் ஈடுபட்டிருந்த த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்துக்கு அருகே மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் இருந்த சமஸ்கிருத நாடகங்களை 1912 ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் வெளியிட்டு, அவை பாசன் இயற்றியவை என்று அறிவித்தார். சுவடிகளிலோ ஆசிரியர் பெயர் இல்லை. எது மூலம், எது பின்னர் வந்தோர் செய்த மாற்றம் என்பது பற்றி எழுந்த விவாதம் நூறாண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற குறிப்பு ஏட்டில் இல்லாமற் போனதன் விளைவு இது.

அதே நகரில், 1990 இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கில் எழுதப்படும் மென்பொருளுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். மென்பொருளும் பலர் கைபட்டு வளரும் எழுத்தே. அதன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணக்கு வைப்பதே பதிப்புக் கட்டுப்பாட்டு முறையாகும்.

முறை வளர்ந்த வரலாறு

இத்துறையின் முன்னோடி 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்று பரவலாக வழங்கும் 'கிட்' 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸ் இயக்க மென்பொருளை உருவாக்கியோர் அதுவரை ஒரு தனியார் நிறுவனத்தின் கருவியை விலையின்றிப் பயன்படுத்தி வந்தனர். அச்சலுகை நிறுத்தப்படவே, லினஸ் டோர்வால்ட்ஸ் புதிய கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். பொதுப்பணி ஒன்று தனியார் தயவில் நிற்பதன் இடர்ப்பாட்டை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இந்த உணர்வு கேரளத்துக்குப் புதியதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. மாநில அரசின் பன்னாட்டுக் கட்டற்ற மென்பொருள் மையமும் இந்நகரிலேயே இயங்குகிறது. அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. எனவே இம்முறையைக் கற்கும் இளைஞர் இங்கு ஏராளம்.

அடிப்படைக் கட்டளைகள்

எடுத்துக்காட்டாக, ஒரு நகராட்சிக்குச் சொத்துவரி கணக்கிடும் மென்பொருளை இருவர் எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் திருவனந்தபுரத்திலும் மற்றவர் கோழிக்கோட்டிலும் உள்ளனர். முதலாமவர் 'கிட் இனிட்' என்னும் கட்டளையால் களஞ்சியத்தைத் தொடங்கிப் பொதுக் கணினி ஒன்றில் வைக்கிறார். இரண்டாமவர் 'கிட் குளோன்' கட்டளையால் அதன் முழுப் படியை, பழைய வரலாற்றுடன், தம் கணினிக்குக் கொணர்கிறார். இணையத் தொடர்பு அறுந்தாலும் இருவர் பணியும் தடைப்படாது.

வரிவீதம் மாறுகிறது எனில் உரிய வரியைத் திருத்தியபின், 'கிட் ஸ்டேட்டஸ்' எந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்பதையும், 'கிட் டிஃப்' எந்தச் சொற்கள் மாறியுள்ளன என்பதையும் காட்டும். பதிவு செய்ய வேண்டியவற்றை 'கிட் ஆட்' தெரிந்தெடுக்கும். 'கிட் கமிட்' அவற்றைப் பெயர், நேரம், காரணக் குறிப்பு ஆகியவற்றுடன் பதிவு செய்யும். அலுவலகக் கோப்பில் குறிப்பெழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுவதற்கு இது ஒப்பாகும். இப்பதிவுகளை வரிசையாகக் காட்டுவது 'கிட் லாக்'.

'கிட் புல்' பிறர் செய்த மாற்றங்களைக் கொணர்ந்து சேர்க்கும். 'கிட் புஷ்' தம் மாற்றங்களைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும். புதிய முயற்சிக்கு 'கிட் பிராஞ்ச்' மூலம் தனிக் கிளை அமைத்து, அது தேறியபின் 'கிட் மெர்ஜ்' மூலம் இணைக்கலாம். இருவரும் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், கருவி தானே முடிவெடுக்காது. முரண்பட்ட இடத்தைச் சுட்டி நின்றுவிடும். எது சரி என்பதை மனிதரே கலந்து தீர்மானிக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் 'கிட் ரிவர்ட்' உதவும். கணக்கேட்டில் பிழையான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு இடுவது போல, இதுவும் பழைய பதிவை விட்டுவைத்து, அதன் விளைவை நீக்கும் புதிய பதிவைச் சேர்க்கிறது. பிழையும் வரலாற்றில் நிலைத்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

கட்டளைகளை ஓரிரு நாட்களில் கற்றுவிடலாம். பழக்கத்தை வளர்ப்பதே அரிது. "சிறு மாற்றம்" என்று எழுதப்படும் காரணக் குறிப்பால் பயன் ஏதும் இல்லை. எந்த ஆணையின்படி வரிவீதம் மாற்றப்பட்டது என்று எழுதியிருந்தால், ஐந்தாண்டு கழித்து மிகுதியாக வரி விதிக்கப்பட்டதாக ஒரு குடிமகன் முறையிடும்போது அதற்கு விடை கூற இயலும்.

ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தையும் முந்தைய பதிவையும் கொண்டு ஓர் அடையாளக் குறி கணக்கிடப்படுகிறது. பழைய பதிவு ஒன்றைத் திருத்தினால் அதைத் தொடர்ந்து வரும் குறிகள் அனைத்தும் மாறிவிடும். எனவே மறைவாகத் திருத்துவது கடினம். ஆயினும் பதிவில் காணும் பெயர், பயன்படுத்துவோர் தாமே அமைத்துக் கொள்வது. அது மட்டும் சான்றாகாது. முக்கியப் பணிகளில் மின்னணுக் கையொப்பமும் தேவை. கடவுச்சொற்களையும் குடிமக்களின் சொந்த விவரங்களையும் களஞ்சியத்தில் இடலாகாது. கோப்பிலிருந்து நீக்கினாலும் அவை பழைய பதிவுகளில் எஞ்சி நிற்கும்.

நாட்டுக்கு உரிய பாடம்

அரசுப் பயன்பாடுகளில் திறந்த மூல மென்பொருளைக் கையாள்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015 இல் அறிவித்தது. அரசு மென்பொருளின் மூலநிரலைத் திறந்து, கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையும் அவ்வாண்டே வந்தது. மூலநிரலைத் திறந்து வைப்பதோடு பணி முடிவதில்லை. அதன் திருத்த வரலாறும் உடன் இருந்தாலன்றி மற்றவர் அதை நம்பித் தொடர இயலாது.

அதிகாரிகள் மாற்றலாகிச் செல்வர். ஒப்பந்த நிறுவனங்களும் மாறும். மக்கள் பணத்தில் உருவான மென்பொருள் எஞ்சி நிற்கும். அதனுடன் அதன் முழு வரலாறும் அரசின் வசம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்குவது நன்று. மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் அலுவலர்களும் பதிவு வரலாற்றைப் படித்தறியும் அளவுக்கேனும் இக்கட்டளைகளைக் கற்றல் வேண்டும். ஓலைச்சுவடியை எழுதியோருக்குக் கிட்டாத வசதி இன்று விலையின்றிக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தத் தவறினால், பின்வருவோர் ஆசிரியர் பெயரில்லாத சுவடியோடு மீண்டும் போராட நேரும்.